கொரங்காடு தரிசு நிலமா? காங்கயம், மூலனூர்ப் பக்கம் சோலார் வந்த பிறகு

கட்டுத்தரை | காங்கயம்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாளை (காட்டுக்குள் இருக்கும் வீடு) காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. சாளைக்குத் தெற்கே வரிசையாக நான்கு கொரங்காடுகள் (மேய்ச்சல் நிலங்கள்), எல்லாம் பங்காளிகளுடையவை. போன தை மாதம் நான்கும் ஒரு சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போய்விட்டன. 28 வருடக் குத்தகை. அடுத்ததாக எங்கள் காட்டைக் கேட்டு புரோக்கர் மூன்று முறை வந்துவிட்டார். அண்ணனுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் வருடத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. மண் சரளையும் சுக்கானும். கிணற்றை நம்பி வெள்ளாமை வைக்க முடியாத இந்த மண்ணில் பெரியவர்கள் கண்டுபிடித்த வழிதான் கொரங்காடு. நான்கைந்து ஏக்கரைச் சுற்றி முள்கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) நட்டு உயிர்வேலி போடுவார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாடு, எருமை, மேச்சேரி ஆடு என்று மாற்றி மாற்றி மேய விடுவார்கள். சித்திரை, வைகாசியில் புல் காய்ந்து கிடக்கும்போது வேலங்காய் உதிரும், ஆடுகள் அதைத் தின்று கோடையைத் தாண்டிவிடும். இரண்டு காடுகளின் வேலிக்கு நடுவே போகிற வண்டித்தடம்தான் இட்டேரி.

தை மாதம் முதலில் வந்தது பொக்லைன். லாரி நுழைய இட்டேரி போதாது என்று இரண்டு பக்க வேலியையும் வழித்துப் போட்டார்கள். எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) அப்பா காலத்துக் கிளுவை அது. தொடை மொத்தம் இருந்த தண்டுகள் ஒடிந்து கிடந்தன. கிளுவையை ஒடித்தால் ஒரு பச்சை வாசம் வருமே, அது இரண்டு நாள் சாளை வரைக்கும் அடித்தது. மூன்றாம் நாள் வெள்வேல மரங்களை வேரோடு சாய்த்தார்கள். சாயங்காலம் கௌதாரிகள் வேலி இருந்த இடத்தில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அங்கே கம்பி வேலி.

அண்ணன் கேட்டார் என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன சாகுபடி என்று எழுதும் பதிவேடு) வாங்கிப் பார்த்தேன். எங்கள் காட்டுக்கு நேரே 'தரிசு' என்று எழுதியிருக்கிறது. எட்டு உருப்படி மாடும் முப்பது ஆடும் வருடம் முழுக்க மேய்கிற நிலம் அது. விதைக்கவில்லை, அதனால் தரிசாம். இந்த ஒரு சொல்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. தரிசில் சோலார் போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகவே படும், அந்தச் சொல் உண்மையாக இருந்தால்.

இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


அமராவதிக்கரை | மூலனூர்ப் பக்கம்

நான் கொடுத்தவன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 61 வயது. மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். ஆட்டுக்குப் பின்னால் நடக்க ஆள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இரவு தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து 17 ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. காலையில் போய்ப் பார்த்தபோது நான்கைந்து உயிரோடு துடித்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் எத்தனை ஊரில் இது நடந்திருக்கிறது, செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு எத்தனை தடவை மறியல் செய்திருக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கே வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், இனி ஆடு வேண்டாம் என்று.

சோலார் குத்தகை வருடா வருடம் வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. மழை பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும். அந்தப் பணத்தில்தான் மருந்து வாங்குகிறேன். தம்பி மனம் வரவில்லை என்கிறார், எனக்கும் வரவில்லைதான். கையெழுத்துப் போட்ட அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆனால் கொரங்காட்டைக் காப்பாற்று என்று சொல்கிறவர்கள், யார் மேய்ப்பது என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.


மின்கம்பி | கோவை

நான் சூரிய மின்சாரத் துறையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது, நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்களின் பட்டியலில் ஈரோட்டின் பெயர் அடிக்கடி வந்தது. 2016ல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அதற்கடுத்த கோடையில் அடிமாட்டுக்குப் போன மாடுகளை எண்ணிப் பார்த்தவர்கள் உண்டா? நிலக்கரியை எரிப்பது நிற்காவிட்டால் இப்படிப்பட்ட வருடங்கள் கூடத்தான் செய்யும். கொரங்காடும் அதில் தப்பாது.

2030க்குள் புதைபடிவ எரிபொருள் அல்லாத மின்சாரம் 500 கிகாவாட் என்று 2021ல் கிளாஸ்கோவில் இந்தியா சொல்லியிருக்கிறது. அதற்கு நிலம் வேண்டும். 1 மெகாவாட் சோலாருக்குச் சுமார் 4 ஏக்கர். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் ஆனது. நஞ்சையில் போட முடியாது, காட்டில் போடக் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.


கட்டுத்தரை | காங்கயம்

மின்கம்பி அண்ணா, 1 மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்றால் ஒரு கொரங்காட்டுக்கு 1 மெகாவாட். கணக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

2016, 2017 வறட்சியைச் சொன்னீர்கள். அந்த வருடம் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வைத்த தென்னந்தோப்புகள் மட்டை தொங்கிக் கருகின. ஆயிரம் அடி போட்டும் புகைதான் வந்தது. கொரங்காட்டில் புல் தரையோடு தரையாகப் போய்விட்டது, செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்புறம் ஒரு கோடை மழை, இரண்டு உழவுக்கான ஈரம்கூட இல்லை. எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூரிலும் அரை விரல் நீளத்துக்குப் பச்சை. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் கட்டவில்லை, உரம் போடவில்லை. காலநிலை மாறப்போகிறது, மழை தவறப்போகிறது என்றால் அதைத் தாங்கி நிற்கிற ஒரு விவசாயம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அதை அழித்துத்தான் காலநிலையைக் காப்பாற்ற வேண்டுமா?


பட்டிக்காரர் மகள் | வெள்ளகோவில்

நான் இந்த இழையில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கொடுத்தவர், கொடுக்காதவர் இரண்டு பேருமே காட்டுக்குச் சொந்தக்காரர்கள். எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு செண்டு காடு கிடையாது. 45 ஆடு வைத்திருக்கிறார். வருடா வருடம் யாராவது ஒருவருடைய கொரங்காட்டைக் குத்தகைக்குப் பிடித்துத்தான் மேய்க்கிறார். எங்களை மாதிரி இந்தப் பக்கம் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன.

முன்பு மூன்று நான்கு பண்ணாடிகளிடம் (காட்டுச் சொந்தக்காரர்களிடம்) கேட்டுப் பார்த்து, கட்டுப்படியாகிற இடத்தில் பட்டி போடுவோம். இப்போது காடுகள் குறையக் குறைய மிச்சம் இருக்கிற காட்டுக்குப் போட்டி. போன வருடக் குத்தகை இந்த வருடம் ஒன்றரை மடங்கு. சோலார் வந்ததும் சொந்தக்காரருக்கு வாடகை வருகிறது. மேய்த்தவருக்கு என்ன வருகிறது? அந்த ஒப்பந்தத்தில் எங்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அமராவதிக்கரை ஐயா, யார் மேய்ப்பது என்று கேட்டீர்கள். நாங்கள் மேய்க்கிறோமுங்க. காடு இருந்தால் போதும்.


அமராவதிக்கரை | மூலனூர்ப் பக்கம்

அம்மிணி, நீ சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் காட்டையும் இருபது வருடம் ஒருவர் குத்தகைக்கு மேய்த்தார். சோலாருக்குக் கொடுக்கும்போது அவரிடம் தகவல் சொன்னேன், சம்மதமா என்று கேட்கவில்லை. அது தப்புத்தான்.


பனியன் தம்பி | திருப்பூர்

எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய வாங்குபவர்கள் இப்போது ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்கிற முதல் கேள்வி, உங்கள் மின்சாரத்தில் எவ்வளவு பசுமை மின்சாரம் என்பதுதான். அதனால் கம்பெனிகள் காற்றாலை, சோலார் என்று பங்கு வாங்குகின்றன. ஊருக்கு ஆர்டர் வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான், என் சம்பளமே அதில்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரத்துப்பாளையம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1992ல் நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய அணை. சாயக் கழிவு வந்து நின்று, விவசாயிகளே அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்கிற நிலைக்கு வந்தது. தொழிலா, நிலமா என்று அன்றைக்கும் இதே மாதிரிதான் பேசினார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (பாசன விவசாயிகள்) வருடக்கணக்காக வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிற முறையை ஊர் முழுக்கக் கொண்டுவந்தோம். முடியாது என்று சொன்னதை முடித்துக் காட்டியதும் இதே திருப்பூர்தான். இருபது வருடம் தாமதமாகச் செய்தோம், அதற்குள் கீழே இருந்த தோட்டங்கள் போய்விட்டன. அந்த இருபது வருடத்தைத் திரும்பவும் வீணாக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


இட்டேரிப் பறவை | தாராபுரம்

சோலாருக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்ததா என்று யாராவது கேட்டீர்களா? நடக்காது. சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலிருந்து விலக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் 2016 முதல் வெள்ளை வகை, அதாவது மாசு மிகக் குறைவான வகை. சாயப்பட்டறை, மாசு மிக அதிகமான சிவப்பு வகை. புகை இல்லை, கழிவு இல்லை என்பதால் வெள்ளை. புகையை மட்டும் அளந்தால் அது சரியான வகைப்பாடுதான். மேய்ச்சல் போவதையும், வேலி போவதையும், இட்டேரியில் ஓடுகிற மழைத் தண்ணீர் தடம் மாறுவதையும் அளக்க அதில் இடமே இல்லை.

பறவை பார்க்கப் போகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022ல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்ட்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எல்லோரும் கொண்டாடினோம். தண்ணீர் நிற்கிற இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் புரிகிறது. புல்வெளிக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை. காய்ந்து கிடந்தால் வெட்டவெளி என்று நினைத்துவிடுகிறார்கள்.


சென்னிமலையான்

அதெல்லாம் புறம்போக்கு நிலம்தானே, அரசே மேய்ச்சலுக்கு ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.


இட்டேரிப் பறவை | தாராபுரம்

இல்லைங்க. கொரங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். அதுதான் இங்கே சிக்கலே. ராஜஸ்தானில் ஓரண் என்று சாமிக்கு விட்ட பொது மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன, அங்கே சோலாருக்கு எதிராக ஊரே சேர்ந்து நிற்க முடிகிறது. இங்கே ஒவ்வொருவரும் அவரவர் காட்டுக்குத் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்துப் பேர் போட்ட பிறகுதான் ஊருக்கே மேய்ச்சல் போய்விட்டது என்பது தெரிகிறது.


கம்பத்தடி விவசாயி | புகளூர்

சோலார், காற்றாலை என்று பேசுகிறீர்கள், கம்பியை மறந்துவிட்டீர்கள்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து எங்கள் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்தது. 6,000 மெகாவாட் கொண்டுவருகிற பாதை. 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்கள் பூராவும் விவசாயிகள் போராடினோம். கேட்டது ஒன்றுதான், சாலையோரமாக மண்ணுக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள். தொழில்நுட்பத்தில் சாத்தியமில்லை என்றார்கள். அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகிற பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதி மண்ணுக்கடியில்தான் போகிறது. மின்னழுத்தம் அங்கே 320 கிலோவோல்ட், வேறு தொழில்நுட்பம் என்று விளக்கம் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் கேரளத்தில் இடம் நெருக்கடி என்றதும் கேபிளுக்கு வழி தேடினார்கள், இங்கே தேடவே இல்லை. என் வருத்தம் அதுதான்.

எங்கள் அப்பா 1972 போராட்டத்தில் கோவைக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு போனவர். மின் கட்டணத்துக்காக 1970ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்த மண் இது. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் அன்றைக்குச் சாலையை அடைத்து நின்ற வண்டிகளைக் கட்டி இழுத்ததெல்லாம் காங்கயம் மாடுகள். 2017 சனவரியில் காளைக்காக எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து நின்றார்கள். அந்தக் காளை மேய்கிற காட்டைப் பற்றிக் கேட்டால் எந்தக் கட்சியிலும் ஓர் ஆள் வாய் திறப்பதில்லை. தேர்தல் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.


மின்கம்பி | கோவை

சரி, இதுவரை வந்த பதிவுகளை நேற்று இரவு மறுபடியும் படித்தேன். என் துறையில் செய்யக்கூடியதையும் செய்யாமல் விடுவதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பேனலுக்குக் கீழே ஆடு மேய்க்கலாம். தடை ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேனல் கழுவுகிற தண்ணீர் சொட்டிய வரிசையில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அதை வெட்ட மாதம் இரண்டு தடவை பெண்களைக் கூலிக்கு வைத்தார்கள், அப்புறம் செலவு கூடுகிறது என்று களைக்கொல்லி அடித்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பெரியவர் ஆடுகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விடச் சொல்லிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் இல்லை என்று மேலே இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். மாடு என்றால் கம்பத்தில் உரசும், பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை உயர்த்திக் கட்ட வேண்டும், இரும்புச் செலவு கூடும். ஆட்டுக்கு அந்தப் பிரச்சினைகூட இல்லை.

அப்புறம் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் 1990களில் வைத்தவை எல்லாம் 225, 250 கிலோவாட் சின்ன இயந்திரங்கள். இன்றைக்கு ஒரே கோபுரத்தில் 2, 3 மெகாவாட் எடுக்கலாம். பழையதை மாற்ற 2024ல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. காற்றாலைக்கு அடியில் ஆடு மேயும், சோளம் விளையும், வேலியை எடுக்க வேண்டியதில்லை. மில் கூரைகள், கோழிப்பண்ணைக் கூரைகள், வாய்க்கால் மேல் பேனல் என்று வழிகள் இருக்கின்றன. குஜராத்தில் 2012லேயே நர்மதைக் கால்வாய் மேல் 1 மெகாவாட் போட்டார்கள். செலவு கூடுதல் என்பது உண்மை. ஆனால் கொரங்காட்டை மலிவு என்று சொல்வது, புல்லுக்கு விலை போடாததால்தான். முதல் பதிவில் நான் கேட்ட 'மிச்சம் என்ன இருக்கிறது' என்ற கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.


சென்னிமலையான்

பிரதமரின் குசும் திட்டத்தில் விவசாயிகளே அரை மெகாவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரைக்கும் சொந்தமாகப் போட்டு மின்வாரியத்துக்கு விற்கலாமே? துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் நிலம் இருந்தால் போதும் என்கிறார்கள்.


மின்கம்பி | கோவை

போடலாம். முதலீடுதான் தடை. தனி ஆளால் முடியாது, நான்கைந்து பேர் சேர்ந்தால் வங்கிக்குப் போகலாம். விளைநிலத்தில் உயர்ந்த சட்டம் போட்டுக் கீழே சாகுபடி செய்யவும் அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது.


கட்டுத்தரை | காங்கயம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுதாததற்குக் காரணம், வீட்டில் செவலைக் கன்று பிறந்திருக்கிறது. பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், காங்கயம் கன்றுகள் அப்படித்தான். அண்ணன் மகன் ஏழு வயது, தினமும் எழுந்ததும் நிறம் மாறிவிட்டதா என்று கட்டுத்தரைக்கு ஓடுகிறான்.

அண்ணனோடு உட்கார்ந்து இந்த இழையைப் படித்துக் காட்டினேன். மூலனூர் ஐயா எழுதியதில்தான் அவர் அதிக நேரம் நின்றார், ஏனென்றால் அவருடைய கவலையும் அதுதான், பணம், ஆள், நாய். பட்டிக்காரர் மகள் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் புரோக்கருக்குப் போன் போட்டு, இந்த வருடம் இல்லை என்று சொன்னார். இந்த வருடம் மட்டும்தான். அடுத்த வருடம் மறுபடியும் இதே பேச்சு வரும் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குள் செய்ய நினைப்பது இது. அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்போகிறோம். மேய்கிற கொரங்காட்டை அடங்கலில் தரிசு என்று எழுதாமல் மேய்ச்சல் என்று எழுத வேண்டும், சோலார் குத்தகை ஒப்பந்தம் போடும்போது உயிர்வேலியை எடுக்கக் கூடாது, ஆட்டை உள்ளே விட வேண்டும், ஏற்கெனவே குத்தகைக்கு மேய்த்துக்கொண்டிருப்பவரையும் பேச்சுக்குக் கூப்பிட வேண்டும். தீர்மானம் போட்டால் உடனே நடந்துவிடாது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் கொடுக்க ஒரு தாளாவது கையில் இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் காட்டு அடங்கல் நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை காட்டுக்குத் தரிசு என்று எழுதியிருக்கிறது என்று ஒரே இடத்தில் வைத்துக் காட்டலாம்.

இன்னொன்று, இட்டேரியில் வழித்துப் போட்ட கிளுவையில் நாற்பது போத்து எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ஓரத்தில் நட்டாயிற்று. முப்பத்தொன்று துளிர்த்துவிட்டது.


அமராவதிக்கரை | மூலனூர்ப் பக்கம்

அடங்கல் கொண்டுவருகிறேன். என் காட்டுக்கும் தரிசு என்றுதான் இருந்தது, ஒப்பந்தத்தோடு இணைத்த நகல் இருக்கிறது. கம்பெனிக்காரரிடம் ஆடு விடுவதைப் பற்றி நான் கேட்டுப் பார்க்கிறேன். பழைய குத்தகைக்காரரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.


பட்டிக்காரர் மகள் | வெள்ளகோவில்

அப்பா வருகிறேன் என்கிறார். கிராம சபையில் இதுவரை பேசியதில்லை, அதனால் என்ன பேசுவது என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு ஆட்டை யார் பார்ப்பது என்பதுதான் கவலை. எனக்கு அன்று லீவுதான், நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.